ஒரே குவாரி கல்லு, ஒண்ணு நிக்குது ஒண்ணு உதிருது: லைம்ஸ்டோன் பார்த்து எடுக்கறது எப்படி

லைம்ஸ்டோன், அதாவது சுண்ணாம்புக்கல்லு, வெளிச்சுவருக்குப் போடலாமா, தாங்குமான்னு யாராவது கேட்டா நான் உடனே பதில் சொல்றதில்ல, திருப்பி ரெண்டு கேள்வி கேப்பேன். குவாரில எந்த அடுக்குல இருந்து வந்த கல்லு? கட்டடத்துல எந்த இடத்துல உக்காரப் போகுது? இது ரெண்டும் தெரியாம "ஃபர்ஸ்ட் குவாலிட்டி சார்"னு சொல்றத நம்பி வாங்கினா அது லாட்டரி சீட்டு தான்.

நான் இத கத்துக்கிட்டது ஒரு கைப்பிடிச் சுவர் மேல போட்ட கோப்பிங் கல்லுல. ஒரே லோடு, ஒரே நாள்ல இறக்கினது, எல்லாம் ஒரே வெளிர் மஞ்சள். மூணு மழைக்காலம் போனதும் மேல ஏறிப் பார்த்தா பதினொரு கல்லு வெட்டின அன்னிக்கு இருந்த முனையோட அப்படியே இருக்கு, நடுவுல நாலு மட்டும் விரலால தேய்ச்சா மாவா கையோட வருது. சப்ளையர்கிட்ட கேட்டா "எல்லாம் ஒரே குவாரி தான் சார்"ங்கறார். அவர் பொய் சொல்லல, ஒரே குவாரி தான், ஆனா ஒரே அடுக்கு இல்ல.

எகிப்துல இருக்கற ஸ்பிங்க்ஸ் போட்டோ ஒண்ண பெருசு பண்ணிப் பாருங்க. அது கல்லு கல்லா அடுக்கிக் கட்டினது இல்ல, அங்க இருந்த சுண்ணாம்புப் பாறையையே குடைஞ்சு செதுக்கினது. தலை ஓரளவு உருவம் தெரியற மாதிரி நிக்குது, உடம்பு மட்டும் வரி வரியா உள்வாங்கி உள்வாங்கி தேஞ்சு கிடக்கு. தலை வந்தது மேல இருந்த கெட்டியான அடுக்குல, உடம்பு வந்தது மெத்துன்னும் கெட்டியாவும் மாறி மாறி வர்ற அடுக்குகள்ல. ஒரே பாறை, ஒரே வெயில், ஒரே மணல் காத்து, ஆனா சில அடி உயர வித்தியாசத்துல கதையே வேற. நீங்க வாங்கற லோடுலயும் இதே கதை தான், சின்ன அளவுல.

ஏன் இவ்ளோ மாறுது

சுண்ணாம்புக்கல்லு பெரும்பாலும் ஆழம் கம்மியான கடல்ல உருவானது. சிப்பி ஓடு, பவளத் துண்டு, கண்ணுக்குத் தெரியாத உயிரிகளோட கூடு, சுண்ணாம்புச் சேறு எல்லாம் படிஞ்சு, அப்புறம் தண்ணில கரைஞ்சிருந்த கால்சைட்ங்கற சுண்ணாம்புத் தாது இடுக்குல புகுந்து பசை மாதிரி ஒட்டி இறுகினது. அலை நல்லா அடிச்ச காலத்துல சேறு அடிச்சுட்டுப் போயிடும், துகள் மட்டும் நிக்கும், நடுவுல பளிங்கு மாதிரி கால்சைட் வந்து பிடிக்கும், அந்த அடுக்கு பொதுவா உறுதி. கடல் அமைதியா கிடந்த காலத்துல சேறும் களிமண்ணும் சேர்ந்து படியும், அந்த அடுக்கு சந்தேகக் கேஸ். இது ரெண்டும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா, சில சமயம் ஒரு ஜாண் இடைவெளில மாறும், கலர் மட்டும் மாறாம அப்படியே இருக்கும், இங்க தான் எல்லாரும் ஏமாறறது.

மால்டா தீவுல பழைய கட்டடம் பெரும்பாலும் குளோபிஜெரைனாங்கற லைம்ஸ்டோன் தான். அங்க குவாரிக்காரங்க நல்ல கல்ல ஃப்ராங்கான்னும் மோசமானத சோல்னும் ரெண்டாப் பிரிக்கறாங்க. வெட்டினவுடனே ரெண்டையும் பக்கத்துல வெச்சா வித்தியாசம் கண்டுபிடிக்கறது ரொம்பக் கஷ்டம், வெளில சில வருஷம் நின்னதுக்கப்புறம் தான் சோல் பொடிஞ்சு குழி விழும். உள்ள பார்த்தா சோல்ல கால்சைட் இல்லாத சரக்கு, அதாவது களிமண், சிலிக்கா மாதிரி ஆசிடுல கரையாதது கொஞ்சம் அதிகம். அவ்ளோ தான் வித்தியாசம், ஆனா ஒண்ணு நூத்தாண்டு நிக்கும், இன்னொண்ண அஸ்திவாரத்துல புதைச்சா தான் உருப்படும்.

அடுத்தது நுண்துளை. "எவ்ளோ துளை இருக்கு"ங்கறத விட "எந்த சைஸ் துளை"ங்கறது முக்கியம். ரெண்டு கல்லுல 20 சதவீதம் துளைன்னு வெச்சுக்கோங்க, ஒண்ணுல எல்லாம் பெரிய துளை, தண்ணி வரும், போயிடும், உடனே காயும். இன்னொண்ணுல எல்லாம் சில மைக்ரான் அளவு பொடித்துளை, தண்ணிய உறிஞ்சிப் பிடிச்சு வெச்சுக்கும், விடாது, அந்தத் தண்ணில கரைஞ்சு வந்த உப்பு உள்ளயே படிகமாகி கல்ல உள்ளருந்து பிளக்கும். அதனால கண்ணுக்குத் தெரியற ஓட்டை இருந்தா மட்டமான கல்லுன்னு முடிவு பண்ணாதீங்க. இங்கிலாந்தோட போர்ட்லேண்ட் கல்லுல மூணு முக்கிய அடுக்கு உண்டு: ரோச், விட்பெட், பேஸ்பெட். ரோச் பார்க்கவே அசிங்கமா இருக்கும், சிப்பி கரைஞ்சு போன பொந்தா ஓட்டை ஓட்டையா, ஆனா கடல் அலை அடிக்கற சுவருக்கெல்லாம் அத தான் போட்டாங்க. பேஸ்பெட் வழவழன்னு அழகா இருக்கும், செதுக்க சொகமா இருக்கும், வெளில நிக்கற திறமைல மத்த ரெண்டுக்கும் கீழ தான். அழகப் பார்த்து வாங்கற ஆளுங்க எல்லாம் பேஸ்பெட்ட தான் எடுப்பாங்க, நானும் ஒரு காலத்துல அப்படித் தான்.

மெக்னீசியம் கலந்த டோலமைட் வகைக்கு தனிப் பிரச்சினை. புகைல இருக்கற கந்தக வாயு சாதா சுண்ணாம்புக்கல்லுல பட்டா ஜிப்சம் ஆகும், அது தண்ணில அவ்வளவா கரையாது, மேலயே கருப்புப் பொருக்கா நிக்கும். டோலமைட் கல்லுல பட்டா கூடவே மெக்னீசியம் சல்ஃபேட் உருவாகும், அது சட்டுனு கரைஞ்சு துளைக்குள்ள இறங்கி, காயும்போது படிகமாகி, தோலை உள்ளருந்து தள்ளி கொப்பளமாக்கும்.

இதுக்கு பெரிய பாடம் லண்டன் பார்லிமென்ட் கட்டடம். 1834ல பழசு எரிஞ்சு போனதும், கல்லு தேர்ந்தெடுக்கறதுக்குன்னே ஒரு கமிஷன் போட்டாங்க, அதுல புவியியல் மேப் போட்ட வில்லியம் ஸ்மித்தும் ஒருத்தர், ஊர் ஊரா குவாரியும் பழைய கட்டடமும் பார்த்து 1839ல ரிப்போர்ட் குடுத்தாங்க. இவ்ளோ பண்ணியும் கடைசில போட்டது ஆன்ஸ்டன்ங்கற மெக்னீசியம் சுண்ணாம்புக்கல்லு, பெரிய பிளாக்கா கிடைக்கும், விலையும் கம்மி, நுணுக்கமா செதுக்கவும் வரும்னு. 1849லயே கல்லு கெட ஆரம்பிச்சிடுச்சு, கட்டட வேலையே அப்போ முடியல! அப்புறம் 1928ல தான் இது ஆகாதுன்னு கிளிப்ஷம்ங்கற வேற சுண்ணாம்புக்கல்லு வெச்சு மாத்தறதுன்னு முடிவு. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா அதே ஆன்ஸ்டன் கல்ல, குவாரிலயே ஒவ்வொண்ணா பார்த்துப் பொறுக்கி, லண்டன்லயே ஜெர்மின் தெருல ஒரு புவியியல் மியூசியத்துக்குப் போட்டாங்க, அது நல்லா நின்னுச்சு. கல்லு பேரு ஒண்ணு தான், ஊர்ப் புகையும் ஒண்ணு தான், ஒரு இடத்துல ஆள் நின்னு பொறுக்கினாங்க, இன்னொரு இடத்துல வந்தத வெச்சுக் கட்டினாங்க.

சாம்பிள் வந்ததும் என்ன பண்றது

முதல் விஷயம், ஒரே ஒரு சாம்பிள் வாங்காதீங்க. ஷோரூம்ல மாட்டியிருக்கற பாலிஷ் போட்ட சின்ன துண்டு எதையும் சொல்லாது. குறைஞ்சது ஆறேழு துண்டு, வேற வேற பிளாக்ல இருந்து, பாலிஷ் இல்லாம வெறும் ரம்பம் அறுத்த முகத்தோட கேளுங்க, முடிஞ்சா அந்த லாட்ல இருக்கறதுலயே மோசமானதும் வேணும்னு கேளுங்க, ஏன்னா உங்க சுவத்துல அதுவும் தான் வரப் போகுது.

கல்ல நல்லா கழுவி முழுசா நனைச்சு நிழல்ல நிறுத்தி வெச்சுட்டு காயறத வேடிக்கை பாருங்க. சும்மா சொல்லல, இதுக்கு நிகரான டெஸ்ட் இல்ல. முகம் முழுக்க வெளுத்துக்கிட்டே வரும், சில இடத்துல மட்டும் கோடு கோடா கருப்பா ஈரம் நிக்கும், அது தான் களிமண் கோடு, முடி விரிசல், இல்லன்னா தையல் போட்ட மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு போற ஸ்டைலோலைட். அந்த நெளிகோடு அழுத்தத்துல கல்லு கரைஞ்ச இடம், கரையாத களிமண்ணு அதுல தங்கியிருக்கும். ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரத்துக்கு ஓடற கோடா இருந்தா அந்தத் துண்டு ஒரு நாள் அந்தக் கோட்டுல தான் உடையும். காயறதுக்குள்ள சாக்பீஸ்ல கோடு மேலயே மார்க் பண்ணிடுங்க, காஞ்சதும் ஒண்ணும் தெரியாது, "எங்க சார் விரிசல்"னு உங்களையே கேப்பாங்க.

அப்புறம் பத்து மடங்கு பெருசாக்கற சின்ன லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க. உடைஞ்ச முகத்துல வெச்சுப் பார்த்தா சில கல்லு மீன் முட்டைய கொட்டின மாதிரி உருண்டை உருண்டையா இருக்கும், அத ஊலைட்னு சொல்லுவாங்க. உருண்டைகளுக்கு நடுவுல கண்ணாடி மாதிரி மின்னற கால்சைட் நிறைஞ்சிருக்கா, இல்ல வெள்ளையா மாவு மாதிரி சேறா? மின்னினா சந்தோஷம். மாவா இருந்து, ஊசி முனையால சுரண்டினா உருண்டை தனியா கழண்டு வந்துச்சுன்னா மழைல நிக்கற இடத்துக்கு அத நினைக்கவே வேணாம்.

சுத்தியால லேசா தட்டுங்க, கல்ல கையில தொங்கற மாதிரி பிடிச்சுக்கிட்டு. கணீர்னு வந்தா உள்ள முழுசு, டொக்குனு வந்தா விரிசலோ ஈரமோ இருக்கு. ஈரக் கல்லு எப்பவுமே மந்தமா தான் கேக்கும், அதனால காஞ்சதுக்கப்புறம் தட்டுங்க.

தண்ணி உறிஞ்சறத அளக்க லேப் வேணாம், கிராம் காட்டற தராசு போதும். கல்ல ஓவன்ல நூறு டிகிரி பக்கத்துல வெச்சு எடை குறையாம நிக்கற வரைக்கும் காய வைங்க, ஆறினதும் எடை போடுங்க, 24 மணி நேரம் தண்ணில முக்கி வெச்சு, ஈரத்துணியால மேலாப்ல துடைச்சு மறுபடி எடை போடுங்க. 1240 கிராம் கல்லு 1302 ஆச்சுன்னா 62 கூடியிருக்கு, 5 சதவீதம். பக்கத்துல இருக்கற 1195 கிராம் கல்லு 1303 ஆச்சுன்னா 9 சதவீதம். அமெரிக்க ஸ்டாண்டர்ட் ஏஎஸ்டிஎம் சி568ல லைம்ஸ்டோன மூணு வகையா பிரிச்சிருக்காங்க: அடர்த்தி கம்மியானதுக்கு உறிஞ்சற அளவு 12 சதவீதத்துக்குள்ள, நடுத்தரத்துக்கு 7.5, அடர்த்தியானதுக்கு 3. ஒரே லாட்ல இருந்து வந்த துண்டுகளே 5ம் 9மா நின்னா, சப்ளையர் ரெண்டு அடுக்கு கலந்து அனுப்பறார்னு அர்த்தம், அத பேசித் தீர்க்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. ஆனா நம்பர் கம்மியா இருந்தா மட்டும் நிம்மதியாயிடாதீங்க, 1 சதவீதம் தான் உறிஞ்சற கெட்டிக் கல்லும் உள்ள களிமண் படலம் இருந்தா பலகை பலகையா பிரியும்.

களிமண் எவ்ளோன்னு தெரியணுமா, கல்ல பொடி பண்ணி 10 கிராம் எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல நுரை அடங்கற வரைக்கும் போட்டு, வடிகட்டி, காய வெச்சு மிச்சத்த எடை போடுங்க. கண்ணாடி, கையுறை போட்டு திறந்த வெளில பண்ணுங்க, ஆசிட்ட தான் தண்ணில ஊத்தணும், தண்ணிய ஆசிட்ல இல்ல. நல்ல சுத்தமான கல்லுன்னா அடியில ஒண்ணுமே மிஞ்சாது, சாம்பல் கலர்ல சேறு தங்கினா யோசிங்க. இதே ஆசிட்ட முழுக்கல்லு மேல ஒரு சொட்டு விட்டா உடனே பொங்கறது கால்சைட், பொங்காம இருந்து சுரண்டின பொடி மேல விட்டா மட்டும் மெதுவா நுரைச்சா அது டோலமைட்.

பெரிய வேலைன்னா லேப்ல உப்புப் படிக டெஸ்ட் கேளுங்க, ஐரோப்பால ஈஎன் 12370ன்னு பேரு. 40 மில்லிமீட்டர் கன சதுரமா வெட்டி 14 சதவீதம் சோடியம் சல்ஃபேட் கரைசல்ல ஊற வெச்சு, ஓவன்ல காய வெச்சு, இத 15 தடவை திருப்பித் திருப்பிப் பண்ணுவாங்க. சில கல்லு 15 சுத்துக்கப்புறம் ஓரம் கூட மழுங்காது, சிலது பாதிலயே தட்டுல வெறும் பொடியா கிடக்கும். கடலோரம், உப்பு மண்ணு உள்ள இடம்னா இந்த டெஸ்ட்ட விடவே விடாதீங்க. பனி உறையற ஊரா இருந்தா கூடவே செறிவுக் கெழு கேளுங்க, அதாவது கல்லு தானா உறிஞ்சற தண்ணி, மொத்த துளைல எத்தனை பங்குன்னு. தண்ணி உறைஞ்சா சுமார் 9 சதவீதம் விரியும், துளைல காலி இடம் இருந்தா விரிஞ்சது அங்க போய் உக்காரும், 0.8க்கு மேல போச்சுன்னா இடமே பத்தாது.

எந்தக் கல்லு எங்க

லோடு இறங்கினதும் மூணு குவியலா பிரிச்சிடுங்க, மேஸ்திரிகிட்ட விட்டுட்டுப் போனா கைக்கு வந்தத எடுத்து வெச்சிடுவார், அவர் மேல தப்பில்ல. உறிஞ்சறது கம்மியா, கோடில்லாம, கணீர்னு கேட்டதெல்லாம் கோப்பிங், கார்னிஸ் (சுவர் மேல வெளில நீட்டிக்கிட்டு இருக்கற விளிம்பு), ஜன்னல் சில் (ஜன்னலுக்கு அடிக் கல்லு), படிக்கட்டு, அப்புறம் தரைல இருந்து ரெண்டு மூணு அடி உயரம் வரைக்கும். ரெண்டாந்தரம் சாதா சுவர் முகத்துக்கு. மெத்துக் கல்லும் கோடு ஓடறதும் உள்சுவருக்கு, அங்க அதுக்கு ஒரு குறையும் வராது.

மழைல நேரா நனையற இடம் தான் கெடும்னு எல்லாரும் நினைப்போம். மழைத் தண்ணில காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சு சுத்தமான காத்துலயே பிஹெச் 5.6 பக்கத்துல, அதாவது லேசா அமிலமா இருக்கும், அது கல்ல கரைக்கறது உண்மை தான், ஆனா சீரா, மெதுவா கரைக்கும். லண்டன்ல இருக்கற செயின்ட் பால்ஸ் கதீட்ரல்ங்கற சர்ச்சு மேல கைப்பிடிச் சுவத்துல, கல்லு தூக்கறதுக்காகப் போட்ட ஓட்டைய அந்தக் காலத்துலயே ஈயம் ஊத்தி மட்டமா அடைச்சிருக்காங்க. ஈயம் தேயல, சுத்தி இருந்த போர்ட்லேண்ட் கல்லு தேஞ்சு இறங்கி, இப்ப ஈயம் பொத்தான் மாதிரி துருத்திக்கிட்டு நிக்குது. அத வெச்சு அளந்து பார்த்ததுல லண்டன் கரிப்புகை எல்லாம் சேர்த்தும் வருஷத்துக்கு 0.1 மில்லிமீட்டருக்கும் கம்மி தான். நிஜமா கல்ல காலி பண்ற இடம் கார்னிஸுக்கு அடியில, சில்லுக்கு அடியில, மழை கழுவாத ஆனா ஈரம் ஏறி இறங்கற மூலை. அங்க ஜிப்சமும் உப்பும் சேர்ந்துக்கிட்டே போகும், கழுவி விட ஆளில்ல, கருப்பா பொருக்கு கட்டி ஒரு நாள் தோலோட விழும். அதனால நீட்டிக்கிட்டு இருக்கற ஒவ்வொரு கல்லுக்கும் அடியில முன் ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ள ஒரு விரல் அகல பள்ளம் வெட்டச் சொல்லுங்க, தண்ணி அங்கயே சொட்டிடும், சுவத்துக்கு வராது.

அடுக்கோட திசை. இது தப்பினா நல்ல கல்லும் வீண். புத்தகத்த படுக்க வெச்சு மேல எடை வெச்சா தாங்கும், அதே புத்தகத்த நிக்க வெச்சு அட்டை வெளிப்பக்கம் பார்க்கற மாதிரி வெச்சா பக்கம் பக்கமா புரளும், கல்லும் அதே தான். சாதா சுவத்துல கடல்ல கிடந்த மாதிரியே படுக்கை வாக்குல வைங்க. நீட்டிக்கிட்டு இருக்கற கார்னிஸுல மட்டும் படுக்கை வாக்குல வெச்சா அடி அடுக்கு கழண்டு கீழ விழும், அங்க புத்தக அலமாரில அடுக்கின மாதிரி, பக்கங்கள் சுவத்துக்குள்ள போற திசைல நிக்கணும். ஆர்ச்சுல அழுத்தம் வர்ற திசைக்குக் குறுக்கா. திசை எப்படித் தெரியும்னா, பெரும்பாலும் சிப்பி ஓடெல்லாம் தட்டையா படுத்திருக்கற பக்கம் தான் படுக்கை, நனைச்சா இன்னும் நல்லாத் தெரியும். அதெல்லாம் தொந்தரவு, குவாரில பிளாக் எடுக்கும்போதே மேல் பக்கத்துல பெயின்ட்ல அம்புக்குறி போடச் சொல்லிடுங்க, அறுத்ததுக்கப்புறம் கேட்டா அவங்களுக்கே தெரியாது.

புதுசா வெட்டின கல்லுல குவாரி ஈரம் இருக்கும், அது வெளில வந்து காயும்போது கரைஞ்ச கால்சைட்ட மேல கொண்டு வந்து விட்டுட்டுப் போகும், மேல்தோல் இறுகும். செதுக்கறதெல்லாம் இதுக்கு முன்னாடி முடிக்கணும், இறுகினதுக்கப்புறம் கிரைண்டர் போட்டு "ஃப்ரெஷ்" ஆக்கறேன்னு தோலை எடுக்கக் கூடாது. ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி ரோமானிய கட்டடக்காரர் விட்ருவியஸ் சொன்னது, கல்ல கோடைல வெட்டி ரெண்டு வருஷம் வெளில போட்டு வை, கெட்டுப் போனத அஸ்திவாரத்துக்குத் தள்ளு, நின்னத மேல கட்டுன்னு. ரெண்டு வருஷம் யாரு காத்திருப்பா, ஆனா ஒரு மழைக்காலமாவது வெறும் தரைல இல்லாம கட்டை மேல அடுக்கி வெச்சுப் பாருங்க, முக்கால்வாசி திருட்டுக் கல்லு தானே காட்டிக் குடுத்துடும்.

சாந்து கல்ல விட மெத்துன்னு இருக்கணும். மெத்துக் கல்லுக்கு கெட்டி சிமென்ட் சாந்து போட்டா ஈரம் சாந்து வழியா வெளியேற முடியாம கல்லு வழியாவே போகும், போற வழில உப்ப கல்லுலயே விட்டுட்டுப் போகும், கடைசில சாந்துக் கட்டம் மட்டும் கூடு மாதிரி நிக்கும், கல்லு உள்ள பள்ளமாயிடும். சுண்ணாம்புச் சாந்து போடுங்க. ஆசிட் கிளீனர் கிட்டயே போகக் கூடாது, கல்லே ஆசிட்ல கரையற பொருள் தான். சீலர் அடிக்கணும்னு வர்ற ஆள்கிட்ட, பின்பக்கத்துல இருந்து வர்ற ஈரம் எப்படி வெளில போகும்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, பதில் சொல்ற விதத்துலயே தெரிஞ்சிடும்.

வேலை முடிஞ்சதும் மிச்சம் கிடக்கற கல்லுல நல்லதா ஆறேழு எடுத்து, எந்த பிளாக், எந்த அடுக்குன்னு பின்னாடி எழுதி, சுவர் ஓரமா நனையற இடத்துலயே போட்டு வைங்க. பத்து வருஷம் கழிச்சு ஒரு கல்லு மாத்தணும்னு வந்தா அந்த அடுக்கே குவாரில தீர்ந்து போயிருக்கலாம், அதோட வெயில்ல மழைல கூடவே கிடந்ததால கலரும் சுவரோட ஒத்துப் போகும். என் கைப்பிடிச் சுவத்துல அந்த நாலு கல்லுக்கு பதிலா புதுசு போட்டது இன்னும் தனியா பல்லு கட்டின மாதிரி தெரியுது.